அறுபது குழிகளுக்கு ஓர் அஞ்சலி

டெராசாகி தட்டு ஒரே நாளில் சாகவில்லை. முதலில் டிஆர் வகை பார்க்கும் வேலை அதன் கையை விட்டுப் போனது. அடுத்து பி, ஏ எல்லாம் போயின. கடைசியில் மாதாந்திர இண்டெண்டில் அதன் பெயருக்கு எதிரே யாரும் எண் எழுதவில்லை, அதோடு முடிந்தது. சிறுநீரகம் தருபவரும் பெறுபவரும் எவ்வளவு பொருந்துகிறார்கள் என்று பார்த்துச் சொன்ன ஆய்வகங்களை முப்பது ஆண்டு தாங்கி நின்ற பொருள் அது. ஒரு பழைய சினிமா தியேட்டரை இடித்தால் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அழுகின்றன. தட்டுக்கு இரண்டு வரி எழுத ஆளைக் காணோம். அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

உள்ளங்கை அகலத்தில் தெளிவான பிளாஸ்டிக் தட்டு. வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை, அறுபது குழி. எழுபத்திரண்டு குழி வைத்ததும் உண்டு. என் கைக்குப் பழகியது அறுபதுதான். ஒவ்வொரு குழியின் அடியிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு துளி, ஒரு மைக்ரோலிட்டர் சீரம். காயாமல் இருக்க மேலே கொஞ்சம் பாரஃபின் எண்ணெய். ஒவ்வொரு குழியிலும் வேறு வேறு ஆளுடைய சீரம். அவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற தாய்மார்கள்.

ஏன் தாய்மார்கள்? நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா செல்களின் மேலும் எச்எல்ஏ என்னும் புரதங்கள் நிற்கின்றன. நம்ம ஆள் யார், வெளியாள் யார் என்று எதிர்ப்புச் சக்தி பிரித்துப் பார்ப்பது இவற்றை வைத்துத்தான். ஏ, பி, சி, டிஆர், டிக்யூ என்று இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு வரும். வயிற்றுப் பிள்ளைக்குப் பாதி எச்எல்ஏ அப்பாவுடையது. பிரசவத்தின்போது பிள்ளையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். தாயின் உடம்பு அந்த அப்பா வழிச் சரக்கை அந்நியமாகப் பார்த்து, அதற்கெதிராக ஆன்டிபாடி தயாரித்து வைத்துக்கொள்ளும். பெரும்பாலும் தாய்க்கும் கெடுதல் இல்லை, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. லேப்காரனுக்கு மட்டும் அது தங்கம். மூன்று, நான்கு பெற்றவளின் சீரம் இன்னும் வீரியமாக இருக்கும். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று ஊர்ச் சுவர்களில் எல்லாம் எழுதி, அது ஜெயித்தும் விட்ட மாநிலத்தில் நல்ல சீரம் கிடைப்பது ஏன் கடினமாயிற்று என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆன்டிபாடிகளை 1958-இல் மூன்று பேர் மூன்று இடத்தில் பார்த்தார்கள். பாரிஸில் ஜான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தில் பார்த்தார். தான் கண்ட முதல் வகைக்கு, சோதனைக்கு ஒத்துழைத்த மூன்று பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மாக்' என்று பெயர் வைத்தார். இன்று ரிப்போர்ட்டில் வரும் ஏ2 அதுதான். ஹாலந்தில் யோன் வான் ரூட், அமெரிக்காவில் ரோஸ் பெய்ன் இருவரும் கர்ப்பிணிகளின் சீரத்தில் பார்த்தார்கள். 1980-இல் டோசேவுக்கு நோபல் பரிசு வந்தது. பெய்னுக்கும் வான் ரூடுக்கும் வரவில்லை. சீரம் கொடுத்த தாய்மார்களுக்குப் பெயரே இல்லை. குப்பி மேல் ஒட்டிய எண்தான் அவர்கள் பெயர்.

தட்டைச் செய்தவர் பால் டெராசாகி. 1929-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, பதின்வயதில் அரிசோனாவின் ஹீலா ரிவர் முகாமில் கிடந்தவர். வெளியே வந்து விலங்கியல் படித்தார். லண்டனில் பீட்டர் மெடாவரிடம் ஓர் ஆண்டு இருந்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பினார். 1964-இல் மெக்லெலண்டோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அளவைச் சுருக்கியதுதான் அவருடைய புண்ணியம். ஒரு குழிக்கு ஒரு மைக்ரோலிட்டர் என்றால், ஒரு மில்லிலிட்டர் சீரம் ஆயிரம் குழிக்குக் காணும். ஒரு தாயின் ஒரு குப்பி சீரம் ஊர் ஊராகப் போக முடிந்தது அதனால்தான். அரிய சீரத்தைத் தண்ணீராகச் செலவழித்த காலம் அங்கே முடிந்தது.

அந்தத் தட்டில் வேலை எப்படி நடக்கும் என்பதை எழுதிவைக்க வேண்டும். இன்னும் பத்து ஆண்டு போனால் சொல்ல ஆள் இருக்காது. ஹெபரின் போட்ட குழாயில் பத்து மில்லி ரத்தம் வரும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, ஒரு நாளைக்கு மேல் தாமதிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் லிம்போசைட்டுகள் உயிரோடு வேண்டும். ஃபைகால் திரவத்தின் மேல் ரத்தத்தை மெதுவாகச் சரித்து ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். நடுவில் வெள்ளையாக ஒரு மெல்லிய வளையம் நிற்கும். பாஸ்டர் பைப்பெட்டால் அந்த வளையத்தை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. கழுவி, எண்ணி, ஹாமில்டன் சிரிஞ்சால் குழிக்கு ஒரு மைக்ரோலிட்டர் வீதம், ஏறக்குறைய இரண்டாயிரம் செல்லை விட வேண்டும். சிரிஞ்சு முனை எண்ணெயைத் தாண்டி அடியில் உள்ள சீரத் துளியோடு செல்லைச் சேர்க்க வேண்டும், ஆனால் சீரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்தச் சீரம் அடுத்த குழிக்கும் போய்ப் பொய் சொல்லும்.

அரை மணி நேரம் காத்திருப்பு. பிறகு குழிக்கு ஐந்து மைக்ரோலிட்டர் காம்ப்ளிமென்ட். அது முயலின் சீரம். தாயின் ஆன்டிபாடி செல்லின் மேல் போய் உட்கார்ந்திருந்தால், முயல் சீரம் அந்தச் செல்லில் ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். உட்காரவில்லையென்றால் செல் பிழைத்துக்கொள்ளும். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து ஈயோசின் சாயம், அது ஊறியதும் ஃபார்மலின். மேலே கண்ணாடித் தகடு. இவ்வளவும் இருபத்திரண்டு டிகிரியில் நடக்க வேண்டும் என்பது புத்தகம் எழுதியவர்களின் ஊருக்கு ஏற்ற கணக்கு. சென்னையில் மே மாதம் ஏசி நின்றுபோனால் அன்றைய தட்டு வீண். காம்ப்ளிமென்ட் கதை இன்னும் மோசம். மைனஸ் எழுபதில் இருக்க வேண்டிய பொருள். மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் ஜெனரேட்டர்காரரின் போன் நம்பரை நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

தலைகீழாக லென்ஸ் வைத்த ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப்பில் தட்டை வைத்துப் பார்த்தால், உயிரோடு இருக்கும் செல் சின்ன விளக்காக மினுங்கும். செத்த செல் சாயம் குடித்து, உப்பி, கருத்துக் கிடக்கும். ஒவ்வொரு குழிக்கும் மதிப்பெண் போட வேண்டும். பத்து சதவீதத்துக்குள் செத்திருந்தால் 1; இருபது வரை 2; ஐம்பது வரை 4; எண்பது வரை 6; அதற்கு மேல் 8. மூன்று, ஐந்து, ஏழு என்ற எண்களே கிடையாது. பார்க்க முடியாத குழிக்கு 0. புதிதாக வந்த பிள்ளைகள் 4-க்கும் 6-க்கும் நடுவில் தவிப்பார்கள். சீனியர் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, 'ஆறு போடுப்பா' என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த 'ஆறு' ஒருவருடைய சிறுநீரகத்தின் தலையெழுத்தாகவும் ஆகலாம். அதை நினைத்தால் கை ஓடாது என்பதால் நாங்கள் நினைப்பதில்லை.

சென்னைப் பாடியில் என் பக்கத்து வீட்டுக்காரர் லூகாஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிட்டையர் ஆனவர். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் லூகாஸ், பிரேக்ஸ், வீல்ஸ் என்று ஏதாவது ஒரு கேட்டுக்குள் போய் வந்தவர்தான். ஒருநாள் திண்ணையில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, 'கோ, நோ-கோ கேஜ் மாதிரின்னு சொல்லுங்க சார்' என்றார். ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த கேஜ், பாகம் உள்ளே போகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். விட்டம் எத்தனை மைக்ரான் என்று அதைக் கேட்கக் கூடாது. தாயின் சீரமும் அப்படித்தான். இந்தப் புரதத்தின் ஒரு மூலை எனக்குத் தெரியும், அது இங்கே இருக்கிறது என்று சொல்லும். அதன் மற்ற பக்கம் எப்படி என்று சொல்லாது. வரைபடத்தைப் படிப்பது பிறகு வந்த டிஎன்ஏக்காரர்களின் வேலை.

இப்போது ஒரு கோட்டின் கதைக்கு வருகிறேன். ஒருவருக்கு ஏ வகையில் இரண்டு இருக்க வேண்டும், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. எங்கள் ரிப்போர்ட்டில் பல நேரம் 'ஏ2, –' என்று வரும். அந்தச் சின்னக் கோடுதான் எங்கள் தலைவலி. இரண்டு பக்கமும் ஏ2 வந்திருந்தாலும் கோடுதான். இரண்டாவது வகையைப் பிடிக்கும் சீரம் தட்டிலேயே இல்லையென்றாலும் அதே கோடுதான். எது என்று தெரிய வேண்டுமானால் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லாரையும் வரச் சொல்லி ரத்தம் எடுக்க வேண்டும். தானம் கொடுக்க வந்தது அண்ணன் ஒருவன்தான். 'எதுக்கு சார் எல்லாரையும் குத்துறீங்க?' என்று வராந்தாவில் சண்டை வரும்.

தட்டின் காலத்தில் புது வகை என்று ஒன்று பிறந்தது அந்தக் கோட்டுக்குள்ளிருந்துதான். ஒரு கோடு, குடும்பத்தில் தலைமுறை தாண்டிப் போகும். தெரிந்த சீரம் எதற்கும் அது மசியாது. வேறு ஊர்க்காரர் ஒருவர் அனுப்பிய சீரத்துக்கு மட்டும் அந்தக் குடும்பத்தின் செல்கள் சாகும். அப்படியென்றால் அங்கே ஒன்று இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. ஒரே வகை என்று நினைத்த ஒன்றில் பாதிப் பேரை மட்டும் புதுச் சீரம் ஒன்று கொல்லும். உடனே அது இரண்டாக உடையும். ஏ9 உடைந்து 23-உம் 24-உம் ஆனது. பி5 உடைந்து 51, 52 ஆனது. பி40 உடைந்து 60, 61 ஆனது. யாரும் தனியாக அறிவித்துவிட முடியாது. 1964-இல் டர்ஹாமில் தொடங்கி லெய்டன், டூரின், லாஸ் ஏஞ்சலஸ், ஏவியான் என்று சில ஆண்டுக்கு ஒருமுறை சர்வதேசப் பட்டறை கூடும். எல்லா நாட்டு லேப்களும் ஒரே சீரங்களை வைத்து அவரவர் ஊர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, முடிவுகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டிச் சண்டை போடுவார்கள். பாதி ஒப்புக்கொண்ட வகைக்கு எண்ணுக்கு முன்னால் 'டபிள்யூ' சேர்ப்பார்கள். பட்டறை வகை, இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். உறுதியானதும் அந்த எழுத்து உதிரும். ஒரு புது வகையை ஏற்பதற்கு இத்தனை பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வாதாடிய முறையில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

ஆனால் கோடு யாருக்கு அதிகம் விழுந்தது? நமக்குத்தான். விலைக்கு வந்த தட்டுகளில் இருந்தது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியத் தாய்மார்களின் சீரம். அவர்களுடைய கணவன்மாரிடம் என்ன வகை இருந்ததோ அதற்குத்தான் அவர்களிடம் ஆன்டிபாடி இருக்கும். உசிலம்பட்டிக்காரருடைய வகையைப் பிடிக்க உசிலம்பட்டி மருமகள் வேண்டும். இதைப் புரிந்துகொண்டு நம் ஊரில் முறையாக இறங்கியது மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பனின் குழு. தமிழ்நாட்டின் பெரிய மக்கள் பிரிவுகளின் எச்எல்ஏ கணக்கை 1984-இலும், குறிப்பிட்ட சில சாதிகளின் கணக்கை 1986-இலும் 'டிஷ்யூ ஆன்டிஜென்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். இவை சீரத்தை வைத்துச் செய்த வேலை. ரத்தம் உயிரோடு லேப்புக்கு வந்து சேர்ந்தால்தான் உண்டு. இன்று கன்னத்தில் பஞ்சுக்குச்சியைத் தடவிக் கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு அதன் பாடு புரியாது. பிச்சப்பன் என்றால் பலருக்கும் மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்காரர் விருமாண்டியின் ரத்தத்தில் கண்ட பழங்கால எம்130 மரபணுக் குறியீடுதான் நினைவுக்கு வரும். அதற்குப் பல ஆண்டு முன்பே அவர் தட்டோடு மல்லுக்கட்டியவர். தென்னிந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கும் டிஆர்2 வகைக்கும் தொடர்பு இருப்பதை 1991-இல் சொன்ன கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது.

டெல்லி எய்ம்ஸில் என்.கே. மெஹ்ராவின் குழு இன்னொன்றைக் காட்டியது. தட்டில் ஏ2 என்று வந்தால் உலகம் முழுக்க அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தோம். டிஎன்ஏவில் பார்த்தால் ஐரோப்பியர்களின் ஏ2 பெரும்பாலும் 02:01 என்னும் உட்பிரிவு. நம்மவர்களின் ஏ2 அப்படி இல்லை. 02:11, 02:06, 02:03 என்று கலவையாக இருக்கிறது. அதிலும் 02:11 இந்தியாவில் சாதாரணம், ஐரோப்பாவில் அரிது. பி40-இலும் அதே கதை: நம்மிடம் 40:06 நிறைய. இத்தனை காலம் வெள்ளைக்காரரின் ஏ2-வும் நம் ஏ2-வும் ஒன்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். தட்டின் மேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டு இதுதான். அது பொய் சொல்லவில்லை. சொல்லத் தெரியாததை ஒரே பெயரில் போட்டு மூடிவிட்டது.

அதனால் வந்த வினை மருந்துக் கடையிலும் உண்டு. பி17 என்று தட்டு காட்டிய வகைக்குள் இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். ஒருவர் பி57, அதன் 57:01 உள்ளவர்களுக்கு எச்ஐவிக்குத் தரும் அபாகாவிர் ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொருவர் பி58, அதன் 58:01 உள்ளவர்களுக்கு யூரிக் ஆசிடுக்குச் சாப்பிடும் அல்லோபியூரினால் தோலே உரிந்துபோகும் அபாயம் அதிகம். இரண்டும் வேறு வேறு மாத்திரை, வேறு வேறு ஆட்கள். பழைய ரிப்போர்ட் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தது. நல்ல சீரம் வந்த பிறகு தட்டே 57, 58 என்று பிரித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 57:01-ஐ அதன் பக்கத்து 57-களிடமிருந்து பிரிக்க அதனால் முடியவில்லை.

சாவு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் வந்தது. 1991-இல் யோகோஹாமா பட்டறையில் டிஎன்ஏ துருவிகளை உலக லேப்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்வீடனின் ஒலெரூப், இரண்டு மணி நேரத்தில் டிஆர் பார்க்கும் எஸ்எஸ்பி முறையை வெளியிட்டார். டிஆர் பார்க்க பி-லிம்போசைட்டைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அதற்காக நைலான் கம்பளிக் குழாயோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த வேலை முதலில் போனதில் யாருக்கும் வருத்தம் இல்லை. பிறகு சீக்வென்ஸிங் வந்தது, அதன் பிறகு அடுத்த தலைமுறை சீக்வென்ஸிங். உயிருள்ள செல் வேண்டாம், முயல் வேண்டாம், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்க்கும் சீனியர் வேண்டாம்.

புது வகை பிறக்கும் விதமும் மாறிவிட்டது. இப்போது ஒரு மாதிரியின் டிஎன்ஏ வரிசையைத் தெரிந்த எல்லா வரிசைகளோடும் கம்ப்யூட்டர் ஒப்பிடும். ஓர் எழுத்து ஒட்டவில்லையென்றால் கொடி தூக்கும். மறுபடி ஒருமுறை சோதித்து, பொதுக் களஞ்சியத்தில் வரிசையைச் சேர்த்து, லண்டனில் ஆந்தனி நோலன் ஆய்வு நிறுவனத்திலிருந்து நடக்கும் எச்எல்ஏ தரவுத்தளத்துக்கு அனுப்பினால் உலக சுகாதார நிறுவனத்தின் பெயர்க் குழு எண் கொடுக்கும். சண்டை இல்லை. 1998-இல் தொடங்கிய அந்தத் தரவுத்தளத்தில் இப்போது 40,000-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. தட்டு தன் ஆயுளில் கண்டது ஏ, பி, சி, டிஆர், டிக்யூ எல்லாம் சேர்த்துச் சுமார் நூற்று முப்பது. இந்த வெள்ளத்தில் பெயர் வைக்கும் முறையே ஒருமுறை மூச்சு முட்டியது. ஏ*02-க்குக் கீழே இரண்டு இலக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். 99 வந்ததும் இடமில்லை. மிச்சத்தை ஏ*92 என்ற போலிப் பெயரில் தள்ளினார்கள். பி*15-க்கும் அதே கதி, அது பி*95 ஆனது. 2010 ஏப்ரலில் நடுவில் முக்காற்புள்ளி போட்டு எல்லாவற்றையும் வீட்டுக்குத் திரும்ப அழைத்துவந்தார்கள்.

ஏ*02:11 என்ற பெயரில் முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் 02 எங்கிருந்து வந்தது? டோசேயின் மாக், தட்டின் ஏ2. பெரும்பாலான எச்எல்ஏ பெயர்களில் முதல் இலக்கங்கள் சீரம் கொடுத்தவை. நோயாளி கையில் வைத்திருக்கும் பளபளப்பான ரிப்போர்ட்டில் முன்பாதியை எழுதியது அந்தத் தாய்மார்கள்தான்.

தட்டு கண்ட ஒன்றை டிஎன்ஏ காண்பதில்லை என்பதும் உண்மை. ஏ*24:09 என்று ஒரு வகை இருக்கிறது. பெயருக்குப் பின்னால் 'என்' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். மரபணு அங்கே இருக்கிறது, ஆனால் நடுவில் ஓர் எழுத்துப் பிசகி, புரதம் செல்லின் மேல் வந்து நிற்பதே இல்லை. மேலோட்டமாகப் பார்க்கும் டிஎன்ஏ சோதனை 'ஏ24 இருக்கிறது' என்று சொல்லிவிடும். எலும்பு மஜ்ஜை மாற்றத்தில் அதை நம்பினால், பொருந்தாத ஒருவரைப் பொருத்தம் என்று எழுதிவிடுவோம். தட்டில் அந்த ஆளுக்கு ஏ24 குழிகளில் எல்லா விளக்கும் எரியும். ஒரு செல்கூடச் சாகாது. இப்படிப்பட்ட வெற்று வகைகள் பலவும் முதலில் பிடிபட்டதே தட்டும் டிஎன்ஏவும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட இடத்தில்தான். மரபணு என்பது சமையல் குறிப்பு. இலையில் சோறு விழுந்ததா என்று தட்டு பார்த்தது. இப்போது முழு மரபணுவையும் படிக்கிற முறைகளில் தெரிந்த 'என்'-களைப் பிடித்துவிடுகிறார்கள். புதிதாக ஒன்று வந்து, அது புரதம் செய்கிறதா இல்லையா என்று வரிசையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாத இடத்தில் என்ன செய்வார்கள்? பழைய ஆளைத்தான் கேட்க வேண்டும். பழைய ஆள் இல்லை.

தட்டின் வேலையில் ஒரு பாதி இன்னும் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. தட்டின் மிகப் பெரிய சாதனை வகை பார்க்கும் டைப்பிங் அல்ல, பெறுபவரின் சீரத்தைத் தருபவரின் செல்லோடு சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச். 1969-இல் பட்டேலும் டெராசாகியும் சேர்ந்து ஒரு கணக்கைக் காட்டினார்கள். பெறுபவரின் சீரம் தருபவரின் செல்லைக் கொன்ற 30 மாற்றுகளில் 24 சிறுநீரகங்கள் உடனே பாழாயின. கொல்லாத 195-இல் 8 மட்டுமே. அன்றிலிருந்து கிராஸ்மேட்ச் பார்க்காமல் சிறுநீரகம் வைப்பது குற்றம் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சோதனை இந்தியாவில் பல லேப்களில் இன்றும் அதே குழியில், அதே முயல் சீரத்தோடு நடக்கிறது. ஃப்ளோ சைட்டோமெட்ரியும், ஆன்டிபாடியைப் பிடித்துக் காட்டும் லூமினெக்ஸ் மணிகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. அதனால் இதுவும் நெடுநாள் தாங்காது.

நான் இருக்கும் பாடியிலிருந்து முகப்பேர் கூப்பிடு தூரம். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் ஃப்ரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனைக்குப் போலீஸ் வழிவிட 11 நிமிடத்தில் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வீட்டுப் பேச்சானது அதற்குப் பிறகுதான். டிராஃபிக்கை நிறுத்திய போலீசாரை எல்லாரும் பாராட்டினோம், நியாயம்தான். பொதுவாக இப்படிப்பட்ட இரவுகளில் எங்கோ ஒரு லேப்பில் ஒருவர் லிம்போசைட் வளையத்தை உறிஞ்சிக்கொண்டு, அரை மணி, ஒரு மணி என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதயம் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதால் அதற்கு முழு டைப்பிங்குக்கு நேரம் இருப்பதில்லை. சிறுநீரகம் கொஞ்சம் பொறுக்கும். அதற்கான தட்டுதான் விடியும்வரை மைக்ராஸ்கோப்பின் கீழே கிடக்கும்.

2016 ஜனவரியில் இரண்டு செய்திகள் வந்தன. நாற்பத்தைந்து ஆண்டுகளாக எங்கள் தொழிலின் இதழாக இருந்த 'டிஷ்யூ ஆன்டிஜென்ஸ்', தன் பெயரை 'எச்எல்ஏ' என்று மாற்றிக்கொண்டது. அதே மாதம் பால் டெராசாகி காலமானார். அவர் 1984-இல் தொடங்கிய ஒன் லாம்ப்டா கம்பெனியே பின்னாளில் டிஎன்ஏ கிட்டும் மணிகளும் விற்றுத் தட்டின் கதையை முடிக்க உதவியது. அதை அவர் துரோகமாக நினைத்திருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன். வேலை நடந்தால் போதும் என்ற வகை ஆள் அவர்.

தட்டு போனது சரியே. நம் மக்களுக்கு அது நியாயம் செய்யவில்லை. இன்று ரத்தப் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால், சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேட்டில் தேட முடிகிறது. அந்தத் தேடலுக்கு ஏ2 போதாது. 02:11-ஆ 02:06-ஆ என்று தெரிய வேண்டும். பஞ்சுக்குச்சி கேட்டு வந்தால் கன்னத்தைக் காட்டுங்கள், குத்த மாட்டார்கள்.

லேப்பில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். வேலூரிலோ மதுரையிலோ சென்னையிலோ ஏதாவது ஒரு மைனஸ் எண்பது ஃப்ரீசரின் அடித்தட்டில், கையால் எழுதிய எண்ணோடு நம் ஊர்த் தாய்மார்களின் சீரக் குப்பிகள் கிடக்கலாம். பக்கத்து பீரோவில் 1, 2, 4, 6, 8 என்று நிரப்பிய ஸ்கோர் ஷீட்டுகளும், யாரும் தீர்க்காத கோடுகளும் இருக்கலாம். இடம் வேண்டும் என்று அவற்றைப் பயோ-வேஸ்ட் பையில் போடாதீர்கள். அந்தச் சீரத்தை லூமினெக்ஸ் மணியில் ஓட்டினால் அது எதைப் பிடித்தது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். எதற்கும் நேரமில்லையென்றால், ஒரு தட்டையும் ஒரு ஸ்கோர் ஷீட்டையும் மட்டும் எடுத்து, உங்கள் மருத்துவக் கல்லூரி மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.